ஆளைக் காட்டாத விளக்கு

சைக்கிளுக்கு லைற் வாங்க வருகிறவர்கள் கடைக்காரனிடம் வழக்கமாக இரண்டு கேள்விதான் கேட்பார்கள். வெளிச்சம் எவ்வளவு தூரம் அடிக்கும், எத்தனை வருசத்துக்கு நிற்கும். 1961ஆம் ஆண்டு ஆனி மாதத்துச் சனிக்கிழமையொன்றில், யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்த கனிசியஸின் சைக்கிள் கடைக்குள் நுழைந்த போஸ்மாஸ்ரர் இராசநாயகம் இந்த இரண்டையும் கேட்கவில்லை. கடையில் வேறு ஆட்கள் இல்லை என்பதை மூன்று தரம் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“றோட்டுத் தெரியவேணும். ஆனால் போறது ஆரெண்டு தெரியக்கூடாது. அப்பிடி ஒரு லைற் இருக்கோ?”

கனிசியஸ் கையிலிருந்த ஸ்பனரைக் கீழே வைத்தான்.

“மாஸ்ரர், களவுக்குப் போறவன் லைற் கொண்டு போறேல்லை.”

“களவுக்கில்லை.”

“அப்ப என்னத்துக்கு?”

“அது உமக்குத் தேவையில்லாத கதை. லைற்றைக் காட்டும்.”

தன் ஊருக்குப் பக்கத்துச் சுன்னாகத்தில் நாலு சைக்கிள் கடை இருக்க, ஏழு கட்டை, அதாவது ஏழு மைல், உழக்கிக்கொண்டு பட்டினத்துக்கு வந்ததற்கும் காரணம் இருந்தது. சுன்னாகத்தில் ஓர் ஆணி வாங்கினால், ஆணி வீடு வந்து சேர முதல் செய்தி வந்து சேர்ந்துவிடும். பாஷையூர்க்காரனான கனிசியஸுக்கோ போஸ்மாஸ்ரரின் ஊரில் ஒரு நாயைக்கூடத் தெரியாது.

விசயம் வேறொன்றுமில்லை. மகள் பத்மாசினிக்கு இருபத்திரண்டு வயது. பக்கத்துச் சைவப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். கலியாணம் பேசவேண்டும். உலகத்தில் எத்தனையோ தகப்பன்மார் மகள்மாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள்; நாலு பேரிடம் சொல்லி, நாலு இடம் பார்த்துப் பேசுகிறார்கள். இராசநாயகத்தாருக்கு அது கிடங்கு வெட்டிப் புதைத்து வைத்துச் செய்யவேண்டிய காரியம். தாலி கழுத்தில் ஏறுகிற நிமிசம் வரைக்கும் ஊருக்குள் ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது.

அந்தப் பயம் அவருக்கு உத்தியோகத்தோடு சேர்ந்து கிடைத்தது. இருபது வருசமாக ஊர்த் தபாற்கந்தோரில் இருந்து மொட்டைக் கடிதங்களுக்கு முத்திரை குத்திய கை அது. உறையைத் தடவிப் பார்த்தே சொல்லுவார், இது கொழும்பிலிருக்கும் மகனுக்குத் தாய் எழுதிய கடிதம், இது ‘பெட்டைக்குத் தாய்வழியில் விசர்’ என்று மாப்பிள்ளை வீட்டுக்கு எவனோ எழுதிய கடிதம் என்று. ஒன்றையும் பிரித்துப் பார்க்கமாட்டார். யாரோ ஒரு பெண்ணின் கலியாணத்தைக் குழப்பப்போகிற கடிதத்தைக்கூட, மை சரியாகப் பட்டிருக்கிறதா என்று பார்த்து, அழகாகக் குத்தி, நேரத்துக்கு அனுப்பிவைப்பார். தொழிலில் அவ்வளவு நேர்மை. அந்த நேர்மையின் பலனாக, ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் எல்லாம் தன் மகளின் கலியாணத்தைக் குழப்பவே பேனையும் கையுமாய்க் காத்திருக்கிறான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. ஊரோ புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் தண்ணி இறைத்துக் களைத்துப்போய், எட்டு மணிக்கெல்லாம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

ஆகவே மாப்பிள்ளை வீடுகளுக்குப் பொழுதுபட்ட பிறகுதான் போவது. பஸ்ஸில் போகமுடியாது, கொண்டக்ரர் ஊர்க்காரன். காரில் போனால் காரைக் கண்டே நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். சைக்கிள்தான். அதிலும் லைற் இல்லாமல் ஓடினால் பொலிஸ் பிடித்து மல்லாகம் கோட்டுக்குக் கொண்டுபோகும். அங்கே நீதவானுக்கு முன்னால் பெயரைச் சத்தமாய்க் கூப்பிடுவார்கள். அதைவிட வேறு விளம்பரம் வேண்டியதில்லை.

லைற் பூட்டினாலோ அது வேறு ஆக்கினை. இரண்டு பக்கமும் கிடுகு வேலி அடைத்த ஒழுங்கைகளில் இரவில் ஆளைத் தெரியாதுதான். ஆனால் லைற்றைத் தெரியும். வேலிக்கு உள்ளே இருந்து புட்டுத் தின்கிறவன் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லுவான், டைனமோ இரைகிறது, தலைமை வாத்தியார் போகிறார். வெளிச்சம் ஆடுகிறது, கையில் ரோச் பிடித்துக்கொண்டு சங்கக்கடை மனேச்சர் போகிறார். மண்ணெண்ணெய் மணக்கிறது, பரியாரியார் போகிறார். இப்படிப்பட்ட ஊரில் ஆளைக் காட்டாத விளக்கு ஒன்றைத் தெரிந்தெடுப்பது லேசுப்பட்ட வேலையில்லை.

கனிசியஸின் கடையில் ஒன்றரை மணித்தியாலம் நின்று, இருந்த லைற் எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, மணந்து பார்த்து, கடைசியில் போஸ்மாஸ்ரர் ஒரு பழைய மண்ணெண்ணெய் லாம்பைத் தெரிந்தெடுத்தார்.

“உதை இப்ப ஆரும் வாங்கிறேல்லை, மாஸ்ரர்,” என்றான் கனிசியஸ்.

“ஒராள் பாவிக்கிறார். அது காணும்,” என்றார் போஸ்மாஸ்ரர்.

அந்த ஒராள் ஊர் வைத்தியரான பரியாரியார். பரியாரியார் எந்த நேரமும் எந்த ஒழுங்கையாலும் போகலாம், ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இந்த யோசனை தன் தலையில் உதித்ததை நினைத்து போஸ்மாஸ்ரர் ஏழு கட்டையும் தன்னைத்தானே மெச்சிக்கொண்டு வந்தார்.

முதல் பயணம் இணுவிலுக்கு. சோமசேகரம் என்ற பெரியவரின் மகன் கொழும்பில் கிளாக்கர். சால்வையைத் தலையில் போர்த்துக்கொண்டு, மண்ணெண்ணெய் மணக்க மணக்கக் கிழக்கு ஒழுங்கையால் போனார். இரண்டு வேலிகளுக்குள்ளிருந்து “பரியாரியார் போறார்” என்ற சத்தம் கேட்டது. நெஞ்சு குளிர்ந்தது. மூன்றாவது வேலியில் படலை திறந்தது.

“பரியாரியார், கொஞ்சம் நில்லுங்கோ! பிள்ளைக்கு நெருப்பாய்க் காயுது!”

நாகேஸ்வரி, கைக்குழந்தைக்காரி. நான் பரியாரியார் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்போ இந்த நேரத்தில் இந்த லாம்போடு எங்கே போகிறீர்கள் என்ற கேள்வி வரும். போஸ்மாஸ்ரர் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே போனார். இருட்டு மூலையில் நின்றபடி பிள்ளையின் கையைப் பிடித்து, தன்னுடைய நாடி அடிக்கிறதா பிள்ளையுடையது அடிக்கிறதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்து, தொண்டையைக் கரகரக்கச் செய்து, “மல்லித்தண்ணி குடுங்கோ” என்று சொல்லிவிட்டு வெளியே பாய்ந்தார். பிள்ளைக்கு இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. அடுத்த வாரம் நாகேஸ்வரி கொண்டுபோய்க் கொடுத்த முருங்கைக்காய்க் கட்டை, என்ன ஏது என்று விளங்காமலே உண்மையான பரியாரியார் வாங்கிவைத்துக்கொண்டார்.

இணுவிலுக்கு மூன்று தரம் போனார். ஒவ்வொரு தரமும் வீட்டுக்கு முப்பது யார் தூரத்திலேயே லாம்பை ஊதி நூத்துவிட்டு, வளவைச் சுற்றிப் பின்படலையால் போய்க் கதவைத் தட்டினார். சாதகக் குறிப்புப் பொருந்தியது. பெடியனுக்கும் விருப்பம் என்றார்கள். நாலாம் தரம் போனபோது சோமசேகரத்தார் தரையைப் பார்த்துக்கொண்டு, “யோசிச்சுச் சொல்லுறம்” என்றார். யாழ்ப்பாணத்தில் அதற்கு என்ன கருத்து என்பதை ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை.

மொட்டைக் கடிதம் போயிருக்கிறது! போஸ்மாஸ்ரருக்குச் சந்தேகமே இல்லை. முந்திய மாதங்களில் தன் கையால் போன கடிதங்களை எல்லாம் ஞாபகத்தில் புரட்டிப் பார்த்தார். இணுவிலுக்கு அப்படி ஒன்றும் போகவில்லை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு, எழுதினவன் மகா கெட்டிக்காரன், பட்டினத்துப் பெரிய கந்தோரில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறான் என்பது. கடிதம் அகப்பட்டிருந்தால்கூட அவர் அவ்வளவு உறுதியாக நம்பியிருக்கமாட்டார்.

“ஏன் இப்பிடி ஒளிச்சு ஒளிச்சு? பகலிலை போனால் என்ன?” என்று மனைவி மீனாம்பிகை ஒருநாள் கேட்டாள்.

“உமக்கு உலகம் தெரியாது,” என்றார். மீனாம்பிகைக்கு உலகம் தெரியாவிட்டாலும் புருசனைத் தெரியும். பிறகு அவள் கேட்கவில்லை.

யார் அந்தக் கெட்டிக்காரன் என்பதையும் அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒழுங்கை றோட்டில் ஏறுகிற முடக்கில் கனகலிங்கத்தின் வீடு. புகையிலைத் தோட்டக்காரன். போகும்போதும் வரும்போதும் “துலைக்கோ, மாஸ்ரர்?” என்று கேட்பான். புறப்பட்டுப் போகிறவரை எங்கே என்று கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் எங்கள் சனம் தூரத்துக்கோ என்று கேட்கிறது. மரியாதைக்குக் கேட்கிற கேள்வி. போஸ்மாஸ்ரருக்கு அது புலன் விசாரணை. “சும்மா உதிலை” என்று சொல்லிக்கொண்டு பெடலை மிதிப்பார். கனகலிங்கத்தின் தம்பி தில்லைநாதன், ஓவசியர் வேலை பார்த்தவன், ஒன்றும் கேட்கமாட்டான், தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்குவான். கேட்கிறவனைவிடக் கேட்காதவனே ஆபத்தானவன் என்று போஸ்மாஸ்ரர் தீர்மானித்திருந்தார்.

அறுபத்தாறில் உரும்பிராயில் ஓர் இடம் வந்தது. லாம்பு ஊருக்குப் பழகிப்போய்விட்டது, புதிய லைற் வேண்டும் என்று மறுபடியும் கனிசியஸிடம் போனார். இந்த முறை தெரிந்தெடுத்தது டைனமோ. காரணம், சைக்கிள் ஓடினால் வெளிச்சம், நின்றால் இருட்டு. யாராவது எதிரே வந்தால் நிற்கவேண்டியதுதான், ஆள் மறைந்துவிடும் என்பது அவர் கணக்கு. அது இரைகிற இரைச்சலில் அடுத்த குறிச்சிக்கும் கேட்கும் என்பதைக் கனிசியஸ் சொல்லித்தான் பார்த்தான். கேட்டால்தானே!

இரைச்சலுக்கும் போஸ்மாஸ்ரர் வழி கண்டார். கனகலிங்கத்தின் வேலி வந்ததும் இறங்கி, டைனமோவைச் சில்லிலிருந்து தட்டிவிட்டு, இருட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நுனிக்காலில் போவார். இரண்டாம் நாளே நாய் குரைத்தது. கனகலிங்கம் அரிக்கன் லாம்போடு ஓடி வந்தான்.

“ஆர், மாஸ்ரரோ? லைற் பழுதாப் போச்சுதோ? நில்லுங்கோ, நான் வெளிச்சம் பிடிக்கிறன்.”

வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அந்த மனுசன் லாம்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பெரிய றோட்டு வரைக்கும் கூடவே வந்தான். வழியிலிருந்த வீட்டுக்காரரெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஊர்வலம் போகிற சுவாமி மாதிரி, எண்ணெய் வடிகிற முகத்தோடு போஸ்மாஸ்ரர் நடந்தார். துப்புப் பார்க்க வந்தவன் என்னமாய் நடிக்கிறான் என்று அன்றைக்கு அவருக்கு இரட்டிப்பாய்ப் பயம் பிடித்தது.

உரும்பிராய்க்காரரும் யோசித்துச் சொல்லுவதாகச் சொன்னார்கள்.

பிறகு ஏழாலை, பிறகு கோண்டாவில். பத்மாசினிக்கு முப்பது கழிந்தது. கூடப் படித்தவர்களின் பிள்ளைகளுக்கு அவள் அரிவரி சொல்லிக்கொடுத்தாள். எழுபதுக்குப் பிறகு இறக்குமதி நின்று, கடைகளில் டைனமோ குமிழும் இல்லை, பற்றறியும் இல்லை. அந்த நேரம் பார்த்து போஸ்மாஸ்ரர் ரோச் லைற்றுக்கு மாறினார். வேண்டியபோது எரியும், வேண்டாதபோது அணையும். பத்து வருசமாய் இந்த அறிவு எங்கே போயிருந்தது என்று தன்னையே நொந்துகொண்டார். செத்துப்போன பற்றறியை எல்லாரும் முற்றத்தில் வெயிலில் காயவைத்து உயிர் கொடுத்தார்கள். இவர் அப்படி வைத்தால் வேலிக்கு மேலால் பார்க்கிறவன், போஸ்மாஸ்ரர் இரவில் எங்கோ போகிறார் என்று கண்டுபிடிப்பான் அல்லவா? கந்தோருக்குள், அரக்கு உருக்கும் விளக்குக்குப் பக்கத்தில் வைத்து ரகசியமாய்ச் சூடு காட்டினார். அதனால் பற்றறி அரை உயிரோடுதான் இருக்கும். ரோச்சின் முகத்துக்கும் மண்ணிறக் கடதாசி ஒட்டி நடுவில் ஒரு சதக் காசளவு ஓட்டை போட்டிருந்தார். அதனால் தெரிந்தது முன்சில்லு மட்டும்தான்.

எழுபத்து மூன்றாம் ஆண்டு கார்த்திகை. மானிப்பாயில் ஓர் இடம் என்று தரகர் சொல்லியிருந்தார். ஏழு மணி இருக்கும், மழை விட்டிருந்தது. இணுவிலைத் தாண்டுகிற இடத்தில் சந்திக் கடையில் நாலைந்து பேர் நிற்பதைக் கண்டு போஸ்மாஸ்ரர் வழக்கம்போல ரோச்சை அணைத்தார். இருட்டில் வளைந்து திரும்பினார். மதகின் ஒரு பக்கக் கட்டு இடிந்திருந்தது. சைக்கிளும் அவரும் வாய்க்காலுக்குள் போனார்கள்.

இடுப்பளவு தண்ணி. முழங்கால் கிழிந்து எரிந்தது. மேலே ரோச் அடித்துக்கொண்டு யாரோ வந்து, “ஆர் உது?” என்று கேட்டார். வேறு யாரென்றாலும் ஐயோ என்று கத்தியிருப்பார்கள். போஸ்மாஸ்ரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சத்தம் போடாமல் இருந்தார்.

“ஆரெண்டாலும் வெளியிலை வாரும். பாம்பு இருக்கு.”

பாம்பு என்றதும் வெளியே வந்தார். ரோச் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. பிடித்திருந்தவர் சோமசேகரத்தார்.

கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய், மாற்று வேட்டி கொடுத்து, கோப்பி கொடுத்து, எதிரே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார் சோமசேகரத்தார்.

“குறை நினைக்காதேங்கோ, மாஸ்ரர். பன்ரெண்டு வரியமாய்க் கேக்கவேணும் எண்டு இருக்கிறன். உங்கடை மோளுக்கு என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லை! ஆர் சொன்னது?”

“அப்ப ஏன் இருட்டுக்குள்ளை லைற்றை நூத்துப்போட்டு, தலையை மூடிக்கொண்டு பின்படலையாலை வந்தனியள்? பெடியனுக்கு விருப்பம். எங்களுக்கும் விருப்பம். என்ரை மனுசிதான் பயந்தவ. ஏதோ பெரிய விசயத்தை மறைக்கினம், இல்லாட்டி பெத்த தேப்பன் இப்பிடி வருவாரோ எண்டு.”

“உங்களுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்ததெல்லோ? அதுதானே காரணம்?” போஸ்மாஸ்ரரின் குரலில் கெஞ்சல் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு மொட்டைக் கடிதம் அவருக்கு அவ்வளவு தேவையாக இருந்தது.

“ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்லை. நாங்கள்தான் விசாரிச்சம், உங்கடை முடக்குக் கனகலிங்கத்தாரட்டை.”

“எனக்குத் தெரியும், அவன்தான்!”

“பொறுங்கோ. தங்கமான பிள்ளை எண்டு சொன்னவர். தன்ரை தம்பி தில்லைநாதனுக்குக் கேக்க எண்டு உங்களட்டை வந்தவராம். கலியாணம் செய்யிற யோசனையே இல்லையெண்டு சொல்லிப்போட்டியளாம். அப்ப மாஸ்ரர் எங்களட்டை எப்பிடி வந்தவர் எண்டு அந்த மனுசன் திகைச்சுப்போய் எங்களைக் கேட்டார். அயலுக்கு இல்லையெண்டு சொல்லி, அடுத்த ஊருக்கு ஒளிச்சு வந்தால் நாங்கள் என்னத்தை நினைக்கிறது? பிறகு உரும்பிராய் ஆக்கள் எங்களட்டை விசாரிச்சவை. கோண்டாவில் ஆக்களும் வந்தவை. தெரிஞ்சதைத்தானே சொல்லலாம்.”

போஸ்மாஸ்ரர் கோப்பியைக் குடிக்கவில்லை.

வளைந்த சில்லை இழுத்துக்கொண்டு நடந்து வருகிற வழியெல்லாம் அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. அறுபத்தொன்று சித்திரை, காலைநேரம். தோய்த்த வேட்டியோடு கனகலிங்கம் படலையில் வந்து நின்று, “மாஸ்ரர், பிள்ளைக்கு ஏதும் பேசிறியளோ?” என்று கேட்டான். அப்படி ஒரு யோசனையும் இல்லை, அவள் படிப்பிக்கட்டும் என்று சொல்லி, அவன் அடுத்த வசனத்தைத் தொடங்க முதல் படலையைச் சாத்தினார் இவர். துப்புப் பார்க்க வந்தவனை எப்படி அனுப்பினேன் பார் என்று அன்று மீனாம்பிகையிடம் பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் வந்தது. தில்லைநாதன் போன ஆவணியில்தான் கலியாணம் செய்தான், முப்பத்தொன்பது வயதில். அழைப்புக் கடிதங்களுக்கு முத்திரை குத்தியது இவர்தான். பந்தியில் இருந்து இரண்டு தரம் பாயாசம் வாங்கிக் குடித்துவிட்டு வந்து, இவ்வளவு காலமும் உவன் ஏன் கட்டாமல் இருந்தவன், ஏதோ குறை இருக்கும் என்று வீட்டில் சொன்னதும் இவர்தான்.

வீட்டில் பத்மாசினி வாசல்படியில் இருத்தி, உப்புப் போட்ட சுடுதண்ணியால் முழங்காலைக் கழுவினாள். முப்பத்து நாலு வயது. காதோரத்தில் இரண்டு நரை. விளக்கு வெளிச்சத்தில் அவர் அதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

“கனகலிங்கம் தம்பிக்கு உன்னைக் கேக்க வந்தவனாம், பிள்ளை. உனக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“எப்ப தெரியும்?”

“அப்பவே தெரியும். தில்லைநாதன் சொன்னவர், பள்ளிக்கூடத்து வாசலிலை வைச்சு.”

“அப்ப ஏன் என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

பத்மாசினி துணியைப் பிழிந்தாள். திரும்பவும் நனைத்தாள்.

“நீங்கள் வேண்டாமெண்டு சொன்னியள் எண்டால், எனக்கெண்டு ஆரையோ முடிவாக்கி வைச்சிருக்கிறியள் எண்டு நினைச்சன், அப்பா. பொழுதுபட்டாப் பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போவியள். அவையளட்டைத்தான் போறியள், சரிவந்தாப் பிறகு சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அவர் ஒவ்வொரு வரியமும் கேட்டவர். பொறுங்கோ, அப்பா சொல்லட்டும் எண்டு நான் சொல்லிக்கொண்டிருந்தனான். போன வரியம்தான், இனிப் பொறுக்கவேண்டாம் எண்டு சொன்னனான்.”

அவள் முழங்காலுக்குத் துணியைச் சுற்றி இறுக்கி முடிந்துவிட்டு, தண்ணிச் சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

போஸ்மாஸ்ரர் இராசநாயகம் வாசல்படியிலேயே இருந்து அழுதார். வாய்விட்டு, சின்னப்பிள்ளை அழுகிற மாதிரிச் சத்தமாக அழுதார். அயலில் நாய்கள் குரைத்தன, முடக்கு வீட்டில் லாம்பைத் தூண்டினார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.